உண்ணாநோன்பிகள்

பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்பாகக் குடல்சீட்டைக் கேட்க ஆரம்பித்திருந்த காலம் அது. "மாப்பிள்ளைக்குப் பால்வெல்ல உண்ணி இருக்குதுங்களா? எங்க பொண்ணுக்குத் தயிரில்லாமச் சோறு எறங்காதுங்க" என்று கோயம்புத்தூர்க் கல்யாணத் தரகர்கள் கூச்சமில்லாமல் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் கோபித்துக்கொள்ளாமல், வயிற்றில் வாழும் கிருமிகளின் பட்டியலிருந்த அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார்கள். கட்டம் பொய் சொன்னாலும் குடல் பொய் சொல்லாது என்பது அந்த நாளின் புதுப் பழமொழி.

எல்லாம் ஊண்மானி என்ற கருவி வந்த பிறகு. ஒரு பாக்டீரியாவைக் கண்ணால் பார்த்து இனம் சொல்வது நடக்கிற காரியமில்லை. உருண்டை, குச்சி, சுருள், அதற்குமேல் அதற்கு உருவம் கிடையாது. ஒரே குச்சியாகத் தெரிகிற இரண்டில் ஒன்று பாலை உறைய வைக்கும், இன்னொன்று ஆளை உறைய வைக்கும். அதனால் அது என்ன தின்கிறது, தின்றுவிட்டு எதை வெளியே விடுகிறது என்று பார்த்துத்தான் வகை பிரிக்க வேண்டும். பழைய ஆய்வுக்கூடங்களில் நாள்கணக்கில் இழுத்த அந்த வேலையை ஊண்மானி ஒரு காபி ஆறுவதற்குள் முடித்தது.

கருவிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு. அதில் அறுபத்து நான்கு குழிகள். செய்தவர்கள் கோயம்புத்தூர்ப் பீளமேட்டுக்காரர்கள் என்பதால் தட்டுக்குப் பந்தி என்றும் குழிக்கு இலை என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். ஓர் இலையில் பால்வெல்லம், ஒன்றில் மாவுச்சத்து, ஒன்றில் புரதம், ஒன்றில் யூரியா, ஒன்றில் இரும்புத்துரு, கடைசி இலையில் ஒன்றுமே இல்லாமல் வெறும் வெளிச்சமும் காற்றும். வந்த விருந்தாளி எதில் கை வைக்கிறது என்று கருவி பார்க்கும். தின்றுவிட்டுப் புளிப்பை விட்டால் இலை மஞ்சளாகும், கந்தக நாற்றம் விட்டால் கறுக்கும், வாயு விட்டால் நுரைக்கும். வெளிச்சத்தைத் தின்று பிழைப்பது ஒளியூட்டி, கல்லையும் கந்தகத்தையும் தின்பது கல்லூட்டி, அடுத்தவர் சமைத்ததைத் தின்பது பிறவூட்டி, காற்று பட்டால் செத்துப்போவது காற்றஞ்சி. இப்படி, தின்னும் தீனியே பெயராகிவிட்டது. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் உண்ணி.

ஒரு விதியை மட்டும் யாரும் மீறியதில்லை. ஒரு விருந்தாளி உண்ட இலையில் இன்னொன்றை உட்கார வைக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் கொதிநீராவியில் கழுவிய தனி இலை. கருவி செய்தவர்கள் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள். கிருமியே ஆனாலும் வந்தவரை எச்சில் இலையில் உட்கார வைப்பது நம்மூர் மரியாதை இல்லையே.

சும்மா சொல்லக் கூடாது, நல்லது நிறைய நடந்தது. சர்க்கரைக்காரர்கள் உபரிச் சர்க்கரையைத் தின்னும் உண்ணியை விழுங்கிவிட்டு ஜாங்கிரிக்குக் கை நீட்டினார்கள். சாயவுண்ணிகளை இறக்கியதும் நொய்யல் ஆறு பல தலைமுறைக்குப் பிறகு தண்ணீர் நிறத்தில் ஓடியது. 'எல்லா உண்ணிகளும் கிடைக்கும்' என்று தெருவுக்குத் தெரு பலகை தொங்கியது. மாட்டுக் காதில் தொங்குகிற உண்ணியை நினைத்து வெளியூர்க்காரர்கள் முகத்தைச் சுளித்ததும் உண்டு.

இந்தப் பெயர்களையெல்லாம் வைத்தது ஆற்றங்கரையிலிருந்த வகைப்பாட்டுக் கூடம். அதன் தலைவி கோகிலவாணி. முப்பத்தைந்து வயதில் அந்த நாற்காலிக்கு வந்தவள். எதையும் அதனதன் இடத்தில் வைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் பிடிக்காது. அவள் வீட்டுச் சமையலறை டப்பாக்கள் அகரவரிசையில் நின்றன. கணவன் சென்னியப்பன் குடித்த தம்ளரைக் கழுவாமல் அவள் வாயில் வைத்ததில்லை. "தாலி கட்டுனவன் எச்சில்கூட ஆகாதா?" என்று அவன் கேலி செய்வான். "ஆகாது" என்று சொல்லிவிட்டுத் தம்ளரைக் கழுவுவாள்.

அவளுக்கு அடுத்த நாற்காலி நாச்சிமுத்துவுடையது. பத்து வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அவளைப் போலவே உயிர்வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவர். தலைமைப் பதவி தன்னைத் தாண்டி அவளுக்குப் போனபோது "தலைவலி போச்சு" என்று லட்டு வாங்கிக் கொடுத்தவர். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளை அம்மிணி என்பார். உண்ணாநோன்பிகள் வரும்வரை இருவருக்கும் ஒரு சின்ன மனத்தாங்கல்கூட வந்ததில்லை.

மனிதக் குடலில் வாழ்பவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பந்திக்கு அழைத்தபோது ஒரு கூட்டம் மட்டும் எந்த இலையையும் தொடவில்லை. வெல்லமும் வேண்டாம், மாவும் வேண்டாம், துருவும் வேண்டாம். உயிர் இருந்தது. தின்றதற்கு அடையாளம் மட்டும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் விளையாட்டாக அதை உண்ணாநோன்பி என்று கூப்பிட்டார்கள், விளையாட்டுப் பெயரே நிலைத்துவிட்டது.

சுகாதார வாரியம் கேட்டது மூன்றே வகைகள். நல்லுண்ணி, கெட்டுண்ணி, பயனிலி. நல்லதை வளர்க்க வேண்டும், கெட்டதை ஒழிக்க வேண்டும். பயனிலியையும் ஒழித்துவிடலாம், குடலில் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா எதற்கு இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் எண்ணம்.

"நாலாவதா ஒரு வகை கேக்கலாம் அம்மிணி" என்றார் நாச்சிமுத்து. "தெரியாதவைன்னு."

"தெரியாததுக்கு ஒரு பேரா? நல்லாருக்குதுங்ணா. வாரியத்துல சிரிப்பாங்க."

"சிரிச்சாச் சிரிக்கட்டும். எல போட்டு ஒக்கார வெச்சும் திங்கலைன்னா, அதுக்குத் திங்கத் தெரியாதுன்னு அர்த்தமா? நாம வெச்சது அதுக்குப் புடிக்கலைன்னும் இருக்கலாமல்ல?"

"அப்ப எதுதான் புடிக்கும்? சொல்லுங்க, அறுபத்தஞ்சாவது எலையில அதையும் வெச்சுப் பாத்துரலாம்."

அவருக்கும் தெரியாது. தெரியாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அது ஒரு விஞ்ஞானிக்குப் போதுமான பதில்தான், ஆனால் கோகிலவாணிக்குப் போதவில்லை. "தெரியலைன்னு எழுதறதுக்கு நாம எதுக்குங்ணா? வாட்ச்மேனே எழுதுவாரே" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்று பொழுது சாய்வதற்குள் உண்ணாநோன்பி பயனிலியாகிவிட்டது.

அடுத்த மழைக்காலத்துக்குள் குடல்துடைப்பான் என்கிற மாத்திரை வந்தது. பயனிலிகளை மட்டும் தேடிப்பிடித்துத் துடைத்துவிடும். மேடையேறி முதல் மாத்திரையை விழுங்கியது கோகிலவாணிதான். ரேஷன் கடையில் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் கொடுத்தார்கள், வால்பாறை எஸ்டேட் வரைக்கும் வண்டி போயிற்று. பக்கத்து மாநிலங்கள் கேட்டு வாங்கின. பிறகு கடல் கடந்தும் போயிற்று. பயனற்ற ஓர் உயிரைக்கூட வயிற்றில் சுமக்காத முதல் தலைமுறை நாம்தான் என்று வாரியம் பெருமைப்பட்டது.

போடாமல் இருந்தவர் கூடத்திலேயே ஒருவர் இருந்தார். நாச்சிமுத்து. கேட்டால் "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். அந்த நாளை வரவே இல்லை. இது தெரிந்ததும் சாப்பாட்டு அறையில் அது எல்லோருக்கும் வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. ஒருநாள் மதியம் கோகிலவாணி ஒரு கையில் தண்ணீரும் இன்னொரு உள்ளங்கையில் மாத்திரையுமாக அவர்முன் வந்து நின்றாள்.

"ஆ காட்டுங்ணா."

"என்ன அம்மிணி, சின்னப் புள்ளைக்குக் குடுக்கற மாதிரி."

"ஊரே போட்டுருச்சு. என் கூடத்துல ஒருத்தர் போடலைன்னா எம்பேச்சுக்கு என்னங்ணா மருவாதி?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். நாச்சிமுத்து அவள் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மாத்திரையை எடுத்து வாயில் போட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தண்ணீரைக் குடித்தார். "போதுமா?" என்றார். அவள் "போதும்" என்றாள். அன்று முழுவதும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணனை வழிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்ற சந்தோஷம். மறு வருடம் அவர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஆனைமலைப் பக்கம் போய்விட்டார். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்துச் சொல்லிக்கொள்வதோடு சரி.

பசி ஒரே நாளில் போகவில்லை. அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை. முதலில் விரதம் சுலபமாயிற்று. சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடந்தவர்கள் முருகன் அருள் என்றார்கள். இளைக்க ஆசைப்பட்டவர்கள் நடைப்பயிற்சியின் பலன் என்றார்கள். பிறகு கல்யாண மண்டபங்களில் இரண்டாவது பந்திக்கு ஆள் வரவில்லை. காந்திபுரத்துப் புரோட்டாக் கடைகளில் கல் சூடாக இருந்தது, அதன்முன் நிற்க ஆள் இல்லை. எல்லோரும் சாப்பிட்டார்கள், ஒருவருக்கும் பசிக்கவில்லை. பசி ருசி அறியாது என்பார்கள். பசி இல்லாவிட்டால் ருசிக்கும் வேலை இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சாப்பிட மறந்து மயங்கி விழுகிறவர்கள் பெருகியபோது கைமணி வந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் வேளைக்கு வேளை அதிர்ந்து 'உண்க' என்று மின்னும்.

அந்தச் சமயத்தில்தான் கோகிலவாணிக்கு இளவேனி பிறந்தாள். பாலுக்கு அழாத குழந்தை. பார்க்க வந்தவர்கள் "சமத்து, சமத்து" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். பிரசவ வார்டில் எல்லாத் தொட்டில்களிலும் சமத்துக் குழந்தைகளே கிடந்தன. இரண்டு மாதத்தில் அந்தச் சொல்லைச் சொல்லவே ஊருக்குப் பயம் வந்துவிட்டது.

பெரியவர்களுக்குப் பழக்கம் இருந்தது, மணி அதிர்ந்தால் வாய் திறந்துகொள்ளும். பசியை ஒருமுறைகூட அறியாத குழந்தைக்குச் சோறு என்பது நகம் வெட்டுவது, தலை சிக்கெடுப்பது மாதிரி இன்னொரு தொந்தரவு. ஐந்து வயதில் இளவேனிக்கு மூன்று வயதுக் குழந்தையின் எடை. ஒவ்வொரு வாய்க்கும் கெஞ்சல், கதை, சில நாள் அடி. அடித்துவிட்டுக் கோகிலவாணி அழுவாள். குளிர்காலம் வந்தால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் மருத்துவர்கள் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த உடம்பு இன்னொரு குளிரைத் தாங்காது என்று வெளியே கூப்பிட்டுச் சொல்வார்கள்.

"பசின்னா என்னம்மா?" என்று ஒருநாள் கேட்டாள் இளவேனி.

"வயித்துக்குள்ள இருந்து கூப்புடற மாதிரி இருக்கும் கண்ணு."

"யாரு கூப்புடுவாங்க?"

கோகிலவாணி யோசித்துப் பார்த்தாள். அவளுக்கே அந்த உணர்ச்சி மறந்துகொண்டிருந்தது. அப்படி ஒன்று இருந்தது என்பது மட்டும் நினைவிருந்தது.

ஊரில் மாடுகளுக்கு மட்டும் இன்னும் பசித்தது. அதனால் கோகிலவாணி மாட்டுக் குடலை ஆராய ஆரம்பித்தாள். மாட்டிலும் உண்ணாநோன்பி இருந்தது, அதுவும் பந்தியில் எதையும் தொடவில்லை. ஒருநாள் ஊண்மானியின் கழுவும் பகுதி பழுதாகி, வேறோர் உண்ணி தின்ற கழுவாத தட்டிலேயே உண்ணாநோன்பியின் சொட்டு விழுந்துவிட்டது. காலையில் வந்து பார்த்தபோது ஓர் இலை கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியிருந்தது. அந்த நிறத்தை யாரும் அதுவரை கண்டதில்லை.

"எச்சில் எலையில யாரு இதை ஒக்கார வெச்சது?" என்று அவள் அதட்டினாள். அதட்டி முடித்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அது நோன்பிருக்கவில்லை. புதுச் சோறு அதற்கு ஆகாது, அவ்வளவுதான். மற்ற உண்ணிகள் தின்றுவிட்டு மிச்சம் வைத்ததை மட்டுமே அது தின்னும். அப்படித் தின்றுவிட்டு அது வெளியே விட்ட ஒரு துளி உப்பு இரத்தத்தோடு தலைக்கு ஏறி, வயிறு காலி என்று சொல்லியிருக்கிறது. பசி என்று மனிதர்கள் இத்தனை காலம் சொல்லிவந்தது அந்த உப்பைத்தான். கூட்டத்தில் கடைசியாக உட்கார்ந்து எச்சிலைத் தின்றதை, மரியாதையாகத் தனி இலை போட்டுத் தனியே உட்கார வைத்து, தின்னவில்லை என்று ஒழித்தாயிற்று. கருவியில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு அந்த மரியாதையில் இருந்தது.

மாட்டுடையது மனிதக் குடலில் ஒரு வேளைகூடத் தங்கவில்லை. மனிதனுடையதைத் தேடினார்கள். பயனிலிகளைச் சேமிக்க உறைகிடங்கில் இடம் ஒதுக்கியதே இல்லை. மலையூர்களில் தேடினார்கள், தீவுகளில் தேடினார்கள், சிறைகளில் தேடினார்கள். எங்கும் இல்லை. மாத்திரை அவ்வளவு ஒழுங்காக எல்லோரையும் போய்ச் சேர்ந்திருந்தது. மாத்திரை போடாத ஒரே ஒரு ஆள் கிடைத்தால் போதும். அவர் தின்ற எச்சிலை இளவேனிக்கு ஒரு வாய் ஊட்டினால் போதும், அவளுக்குப் பசிக்கும். பிறகு அவள் எச்சிலை இன்னொரு குழந்தைக்கு ஊட்டலாம்.

அப்போதுதான் கோகிலவாணிக்கு நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியது நினைவுக்கு வந்தது.

மறுநாளே இளவேனியைக் கூட்டிக்கொண்டு ஆனைமலைக்குப் போனாள். வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான். அண்ணன் தன்னை ஏமாற்றியிருக்க வேண்டும். நாக்கடியில் ஒதுக்கி வைத்து, பிறகு போய்த் துப்பியிருக்க வேண்டும். தன் பேச்சுக்கு அன்று ஒரு மரியாதையும் இல்லாமல் போயிருக்க வேண்டும்.

நாச்சிமுத்து மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். அரிசிம்பருப்புச் சாதம். கைமணி அதிர்ந்த பிறகு உட்கார்ந்தவர் என்பது அவர் பிசைந்த விதத்திலேயே தெரிந்தது. எழுந்து வந்து இளவேனிக்கும் ஒரு தட்டு வைத்தார். "சோறு உண்டாச்சா அம்மிணி?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு, அந்தக் கேள்விக்கு இப்போது அர்த்தமில்லை என்று அவரே சிரித்துக்கொண்டார். கோகிலவாணி உட்காரவில்லை.

"அண்ணா, நெசத்தைச் சொல்லுங்க. அன்னிக்கு நான் குடுத்த மாத்திரைய முழுங்கினீங்களா?"

"எதுக்கு இப்ப அது?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கத்தரிப்பூ நிறத்தையும் சொன்னாள். நாச்சிமுத்துவின் கை பிசைவதை நிறுத்திவிட்டது.

"எச்சிலையா? எச்சிலையா தின்னுட்டிருந்துச்சு அது?" என்றார். "நமக்கு அது தோணாமப் போச்சே அம்மிணி. எனக்கும் தோணலை பாரு."

"முகத்தைத் திருப்பினீங்கல்லங்ணா. துப்பத்தானே திருப்பினீங்க? துப்பிட்டேன்னு சொல்லுங்ணா."

"துப்பத்தான் திருப்புனேன்." அவர் தட்டைப் பார்த்தபடி பேசினார். "வாயில வெச்சுட்டு ஒரு நொடி யோசிச்சேன். அப்பறம், இத்தனை பேருக்கு முன்னால நம்ம புள்ள நம்மள நம்பிக் கையில குடுத்திருக்குது, அதைப் போய் ஏமாத்தறதான்னு இருந்துச்சு. முழுங்கிட்டேன் அம்மிணி."

கோகிலவாணி தன்னை ஏமாற்றிய யாரையும் மன்னித்தவளில்லை. இந்த ஒரு மனிதர் ஏமாற்றாமல் போனாரே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. அவர் அவளிடம் காட்டிய மரியாதையை அவள் அன்று கேட்டுத்தான் வாங்கினாள். அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

"இப்ப நம்மள அந்தப் பந்தியில ஒக்கார வெச்சா" என்றார் நாச்சிமுத்து. "அறுபத்து நாலு எலையில ஒண்ணையும் தொட மாட்டோம். நம்மள எந்த வகையில போடுவாங்க?" அவர் கோபத்தில் கேட்கவில்லை. அதனால் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இளவேனி முன்னால் இருந்த தட்டைத் தொடாமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து அம்மாவின் கைகளை முகத்திலிருந்து விலக்கினாள்.

"எனக்குப் பசிக்குதும்மா" என்றாள்.

பசித்த குழந்தை அதை எப்படிச் சொல்லும் என்று கோகிலவாணிக்குத் தெரியும், அவளும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். அது சோற்றைப் பார்த்துச் சொல்லும். இவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

நாச்சிமுத்து சட்டென்று தன் தட்டிலிருந்தே ஒரு வாய் சோற்றை உருட்டிக் குழந்தைக்கு நீட்டினார். பாதியில் கோகிலவாணியின் குணம் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார்.

"குடுங்ணா" என்றாள் கோகிலவாணி.

அந்த எச்சிலில் ஒன்றும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவர் ஊட்டினார். இளவேனி நெடுநேரம் மென்றாள், கஷ்டப்பட்டு விழுங்கினாள். அம்மா அழுகையை நிறுத்திவிட்டாளா என்று பார்த்தாள். அடுத்த வாய்க்கு நாச்சிமுத்துவின் கை வந்தபோது அதைத் தடுக்காமல், அம்மாவிடம் மெல்லக் கேட்டாள்.

"இன்னும் எத்தனை வாய் பசிக்கணும்மா?"